யூனிட் கணக்கும் ஜாப் கார்டும்: மின்சாரக் காரின் குறைகளை எதிர்கொள்ளும் முறை

மின்சாரக் கார் வாங்கியவர்கள் சொல்லும் மனக்குறைகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்குகின்றன: கார் நம்பி ஏறக்கூடியதாக இல்லை, சார்ஜ் செய்யும் செலவு விற்பனையாளர் சொன்னதைவிடக் கூடுதலாக வருகிறது, சர்வீஸ் சென்டரில் கேள்விக்குப் பதில் கிடைப்பதில்லை. தனித்தனியாகத் தோன்றும் இம்மூன்றுக்கும் பொதுவான வேர் ஒன்று உண்டு. காரின் பழுதுக் குறியீடு பணிமனைக் கணினியில் இருக்கிறது. ஏறிய மின்சாரத்தின் அளவு சார்ஜிங் நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறது. உரிமையாளரின் புகாரோ டீலரின் சொற்களில் எழுதப்பட்டு டீலரின் கோப்பில் இருக்கிறது. பணம் கொடுத்தவர் கையில் மட்டும் எந்த அளவீடும் இல்லாததால் வாக்குவாதம் என்று வரும்போது அவருடைய சொல் வெறும் அபிப்பிராயமாக நின்றுவிடுகிறது. ஆகவே இந்த அத்தியாயம் பழுதுகளை விளக்குவதோடு, ஒவ்வொரு கட்டத்திலும் உரிமையாளர் தம் கையில் வைத்திருக்க வேண்டிய பதிவு எது என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

முதலில் நம்பகத்தன்மை. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்னும் நுகர்வோர் அமைப்பு, பெட்ரோல் கார்களோடு ஒப்பிடுகையில் மின்சாரக் கார்களில் உரிமையாளர்கள் தெரிவித்த பழுதுகள் சராசரியாக 79 விழுக்காடு கூடுதல் என்று 2023ஆம் ஆண்டு இறுதியில் அறிவித்தது. அடுத்த ஆண்டின் அறிக்கையில் அந்த இடைவெளி 42 விழுக்காடாகக் குறைந்தது. இந்த எண்களைப் படிப்பவர் மோட்டாரே பழுதாகிறது என்று எண்ணிவிடக் கூடாது. சுழலும் பாகங்கள் மிகக் குறைவாக உள்ள மின்மோட்டார் நெடுநாள் உழைக்கும் பொறி. தொல்லைகளில் பெரும்பகுதி அதைச் சூழ்ந்திருக்கும் மின்னணு உறுப்புகளிலும் மென்பொருளிலும் சார்ஜ் ஏற்றும் அமைப்பிலும்தான் பிறக்கிறது.

அவற்றுள் வாங்குபவர் பலரும் அறியாதது, மின்சாரக் காருக்குள்ளும் பழைய கார்களில் இருப்பதைப் போன்ற 12 வோல்ட் சிறு பேட்டரி ஒன்று இருக்கிறது என்பதாகும். தரைத்தட்டின் அடியில் நூற்றுக்கணக்கான வோல்ட் அழுத்தத்தில் இருக்கும் பெரிய மின்கலத் தொகுப்பு, பாதுகாப்புக் கருதி, கார் நிறுத்தப்பட்டிருக்கும் நேரத்தில் மற்ற உறுப்புகளிலிருந்து துண்டிக்கப்பட்டே இருக்கும். அதை இணைக்கும் கான்டாக்டர் என்னும் கனமான மின்விசையை மூடுவதற்கும், கதவுப் பூட்டையும் கணினிகளையும் விழிக்கச் செய்வதற்கும் அந்தச் சிறு பேட்டரியின் மின்சாரமே தேவை. அதனால் பெரிய பேட்டரியில் 90 விழுக்காடு சார்ஜ் இருந்தும், சிறு பேட்டரி செத்துவிட்டால் கார் அசையாது. ஓடும்போது பெரிய பேட்டரியிலிருந்து சிறு பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும் மாற்றி பழுதானாலும் இதே விளைவுதான். 2024இல் இந்தியாவில் ஹூண்டாய் ஐயானிக் 5 கார்கள் 1,744ஐயும் கியா இவி6 கார்கள் 1,138ஐயும் திரும்ப அழைத்துச் சரிசெய்ததற்குக் காரணம், சார்ஜ் ஏற்றுவதையும் சிறு பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புவதையும் ஒருங்கே கவனிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருந்த குறைதான்.

இதை அறிந்த உரிமையாளர் செய்யக்கூடியவை எளியவை. ஒவ்வொரு சர்வீஸின்போதும் 12 வோல்ட் பேட்டரியைச் சோதித்து அளவை எழுதித் தரும்படி கேட்க வேண்டும். பேட்டரி மூன்று ஆண்டுகளை நெருங்கும்போது, அது படுத்துவிடும்வரை காத்திராமல் மாற்றிவிடுவது நல்லது. சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறப்பது எப்படி, வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் முனைகள் எங்கே உள்ளன என்பவற்றைக் காரை வாங்கும் நாளிலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். சிறு பேட்டரிக்கான வாரண்டி காருக்கான வாரண்டியிலிருந்து வேறாகவும் குறுகியதாகவும் இருப்பது வழக்கம் என்பதால் அதன் அட்டையைத் தனியே கேட்டு வாங்கிக்கொள்வது தேவை. கார் வழியில் நின்றுவிட்டால், மோட்டார் இணைந்த சக்கரங்கள் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்க விடக் கூடாது. சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும் என்பதால் மின்னணு உறுப்புகள் கெட வாய்ப்புண்டு. அந்தச் சேதத்தை வாரண்டியும் ஏற்காது. நான்கு சக்கரங்களையும் மேலே ஏற்றிச் செல்லும் தட்டு லாரியையே கேட்க வேண்டும்.

பெரிய பேட்டரியைப் பற்றிய அச்சத்துக்கு ஓரளவு அடிப்படை உண்டு. 2020 டிசம்பரில் இந்தியாவில் 456 ஹூண்டாய் கோனா கார்கள் பேட்டரி ஆய்வுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு உலக அளவில் ஏறக்குறைய 82,000 கார்களின் பேட்டரிகளை மாற்ற முடிவாயிற்று. ஆயினும் அன்றாட வாழ்வில் உரிமையாளரை வாட்டுவது தீயைவிட, பேட்டரியின் கொள்ளளவு மெல்லத் தேய்வதே. இந்தியாவில் பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி தருகின்றன. இந்த வாக்கியத்துக்குள் இரண்டு வேறு வாக்குறுதிகள் கலந்திருக்கக்கூடும்: பேட்டரி பழுதானால் சரிசெய்து தருவது ஒன்று, கொள்ளளவு குறிப்பிட்ட விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் சரிசெய்து தருவது இன்னொன்று. இரண்டாவது வாக்குறுதி எழுத்தில் உள்ளதா, உள்ளதெனில் எத்தனை விழுக்காடு, அதை யார் எந்தக் கருவியால் அளப்பார்கள் என்பனவற்றை வாங்குமுன் கேட்டுத் தெளிய வேண்டும். அளவு பேசப்படாத வாரண்டியில், தேய்மானம் இயல்பானது என்ற ஒற்றைப் பதிலோடு விவகாரம் முடிந்துவிடும்.

கொள்ளளவை உரிமையாளரே தோராயமாகக் கண்காணிக்கலாம். வீட்டுச் சார்ஜருக்கெனத் தனியே ஒரு சிறு மீட்டர் பொருத்தி, கார் புதிதாக இருக்கும்போது 10 விழுக்காட்டிலிருந்து 100 விழுக்காடுவரை ஏற்றுவதற்கு எத்தனை யூனிட் போயிற்று என்று குறித்துக்கொள்ள வேண்டும். யூனிட் என்பது ஒரு கிலோவாட் திறனில் ஒரு மணி நேரம் செலவாகும் மின்சாரம். பேட்டரியின் அளவையும் மின்வாரியத்தின் கட்டணத்தையும் சொல்வது இதே அலகில்தான். 40 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரிக்கு இந்த ஏற்றத்தில் 36 யூனிட் தேவை. மாற்றும்போது வெப்பமாக வீணாகும் பத்து விழுக்காட்டையும் சேர்த்தால் மீட்டர் 40 யூனிட்டை ஒட்டிக் காட்டும். ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே சார்ஜரில் இந்த அளவீட்டைத் திரும்பச் செய்தால் தேய்மானம் எண்ணாகக் கையில் இருக்கும். சர்வீஸ் சென்டர் தரும் கணினி அறிக்கைக்கு இது மாற்றாகாது என்றாலும், அந்த அறிக்கையைத் தரும்படி அழுத்திக் கேட்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

விளம்பரத்தில் காணும் தூரத்தையும் உண்மையில் ஓடும் தூரத்தையும் குழப்பிக்கொள்வதால் எழும் புகார்களும் பல. சான்றளிக்கப்பட்ட தூரம் ஆய்வகத்தில் வகுத்த வேக ஒழுங்கின்படி அளக்கப்படுவது; காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுவதால், நான்குவழிச் சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டரில் ஏ.சி. போட்டு ஓடும் கார் அந்தத் தூரத்தை எட்டாது. அறிவித்த தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் நெடுஞ்சாலைப் பயணத்துக்குக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது பாதுகாப்பான விதி. சென்னையிலிருந்து ஏறக்குறைய 330 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சிக்குப் போகிறவர், 400 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கும் காரில் இடையில் ஒரு முறை சார்ஜ் ஏற்றியே தீர வேண்டும் என்று திட்டமிட்டால் ஏமாற்றம் இருக்காது.

அடுத்தது வீட்டில் சார்ஜ் ஏற்றுவது. இங்கே வரும் தடைகளில் முதலிடம் எர்த் எனப்படும் நிலஇணைப்புக் குறைபாட்டுக்கு உரியது. நிலஇணைப்பு சரியாக இல்லை என்று கண்டால் காரின் சார்ஜர் மின்சாரத்தை ஏற்க மறுத்துவிடும். அது பாதுகாப்புக்காகவே அமைக்கப்பட்ட மறுப்பு. உரிமையாளர் அதைக் காரின் பழுதென்று எண்ணி டீலரிடம் போவதும், டீலர் அதை வீட்டின் பழுதென்று திருப்பி அனுப்புவதும் வாரக்கணக்கில் நீளும். பழைய வீடுகளில் கரியும் உப்பும் இட்டுப் புதைத்த எர்த் குழி கோடையில் வறண்டு போயிருக்கும். அதில் தண்ணீர் ஊற்றியதும் சார்ஜ் ஏறத் தொடங்கினால் குற்றவாளி யார் என்பது தெளிவாகிவிடும். காருக்கென்று தனி வயர், மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் தனி எம்சிபி, மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி, புதிய எர்த் ஆகியவற்றை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அமைப்பது கார் வாங்கும் செலவின் ஒரு பகுதி என்றே கருத வேண்டும். நீட்டிப்பு வயரில் சார்ஜ் ஏற்றுவது எக்காலத்திலும் கூடாது. 15 ஆம்பியர் பிளக்கில் ஏறக்குறைய 3.3 கிலோவாட்டும், சுவரில் பொருத்தும் 32 ஆம்பியர் பெட்டியில் ஏழு கிலோவாட்டுக்குச் சற்று மேலும் ஏறும். இந்த இரண்டாம் வகைக்கு மின்வாரியம் அனுமதித்த மின்பளுவைக் கூட்ட வேண்டியிருக்கலாம்.

மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதலின்படி வீட்டு மின்இணைப்பிலேயே சொந்தக் காருக்குச் சார்ஜ் ஏற்றலாம், வீட்டுக் கட்டணமே பொருந்தும். ஆனால் அந்தக் கட்டணம் எவ்வளவு என்பதில்தான் கணக்குப் பிசகுகிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்து, முதல் 100 யூனிட்டை இலவசமாகத் தந்து, அதன்பின் அடுக்கடுக்காக விலையை உயர்த்தும் முறை இருக்கிறது. 2024 ஜூலையில் திருத்திய அட்டவணைப்படி, 500 யூனிட்டுக்குமேல் ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாயைக் கடக்கிறது, 600க்குமேல் ஒன்பதை, 1,000க்குமேல் பதினொன்றைக் கடக்கிறது. 500ஐத் தாண்டிய வீட்டுக்கு, கீழ் அடுக்கில் கிடைத்துவந்த ஒரு சலுகையும் போய்விடுகிறது. கார் வருவதற்கு முன்பே இரண்டு மாதத்தில் 400 யூனிட் செலவிடும் குடும்பம் ஒன்று மாதம் 1,000 கிலோமீட்டர் காரை ஓட்டுமானால், மீட்டரில் யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்ற கணக்கில் இரண்டு மாதத்துக்கு 330 யூனிட் அளவுக்குக் கூடும். அந்தக் கூடுதல் முழுவதும் மேலடுக்குகளில் விழுவதால் காருக்குப் போகும் யூனிட்டின் உண்மை விலை ஏறக்குறைய ஒன்பது ரூபாய். அதாவது கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காரில், லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால், இதே தூரத்துக்கு ஆறரை ரூபாய்க்கு மேல் ஆகிறது. வீட்டில் சார்ஜ் ஏற்ற வழியுள்ளவருக்கு இலாபம் தெளிவானது. ஆனால் அது விற்பனைக் கூடத்தில் சொல்லப்படும் இலாபத்தைவிடக் குறைவானது. கூரையில் சூரியத் தகடு அமைப்பவர், மேலடுக்கு யூனிட்டுகளே முதலில் கழியும் என்பதால், காருக்குப் பிறகு அதிகப் பயன் பெறுவார்.

பொதுச் சார்ஜிங் நிலையத்தை மட்டுமே நம்பியிருக்கும் அடுக்ககவாசியின் கணக்கு வேறு. காருக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடுதான். ஆனால் பொது நிலையத்தில் சார்ஜ் ஏற்றும் சேவைக்கு 18 விழுக்காடு. பலகையில் யூனிட் 20 ரூபாய் என்று இருந்தால் கையை விட்டுப் போவது 23 ரூபாய் 60 காசு. நெடுஞ்சாலை வேகத்தில் யூனிட்டுக்கு ஐந்தரை முதல் ஆறு கிலோமீட்டர் கிடைக்குமென்றால் கிலோமீட்டருக்கு நான்கு ரூபாயை ஒட்டி வரும்; லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் டீசல் காரின் செலவிலிருந்து இது அதிகம் விலகியதல்ல. எனவே வீட்டிலோ அலுவலகத்திலோ சார்ஜ் ஏற்ற இடமில்லாதவர், எரிபொருள் சேமிப்பை மட்டுமே காரணமாகக் கொண்டு மின்சாரக் கார் வாங்குவதை மறுபடி எண்ணிப் பார்ப்பது நல்லது. அமைச்சகத்தின் 2024 செப்டம்பர் வழிகாட்டுதல், காலை 9 முதல் மாலை 4 வரையுள்ள சூரிய நேரத்தில் நிலையங்களுக்கு வழங்கும் மின்சாரத்தின் விலையைச் சராசரி வழங்கல் செலவின் 0.7 மடங்காகவும் மற்ற நேரத்தில் 1.3 மடங்காகவும் வைக்கச் சொல்கிறது. நிலையம் அந்த வேறுபாட்டைத் தன் விலையிலும் காட்டுமானால் பகலில் ஏற்றுபவருக்குப் பணம் மிஞ்சும். செயலியில் நேரவாரியாக விலையைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது வீணாகாது.

வேகத்தைப் பற்றிய ஏமாற்றத்துக்கும் விளக்கம் உண்டு. 60 கிலோவாட் என்று எழுதிய நிலையத்தில், காரில் செருகும் கன்கள் இரண்டு இருந்து, இரண்டிலும் கார் நின்றால், ஒவ்வொன்றுக்கும் 30 கிலோவாட்தான் பிரியும் என்பது பல நிலையங்களின் அமைப்பு. காரின் பேட்டரி ஏற்றுக்கொள்ளும் உச்ச வேகம் அதற்கும் குறைவாக இருக்கலாம். 80 விழுக்காட்டுக்குமேல் பேட்டரியே தன்னைக் காத்துக்கொள்ள மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். கடைசி 20 விழுக்காட்டுக்கு அதற்கு முந்தைய 50 விழுக்காட்டுக்கு ஆன நேரமே பிடிக்கலாம். பயணத்தில் 80இல் கிளம்பிவிடுவது தமக்கும் பின்னால் காத்திருப்பவருக்கும் நல்லது.

நிலையம் வேலை செய்கிறதா என்பதில் நிறுவனம் சொல்வதும் வாடிக்கையாளர் காண்பதும் ஒன்றாக இருப்பதில்லை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 2022இல் ஆய்வாளர்கள் 657 வேகச் சார்ஜிங் கன்களை நேரில் சோதித்தபோது 72.5 விழுக்காடு மட்டுமே வேலை செய்தன. நிறுவனங்கள் அறிவித்துவந்ததோ 95 விழுக்காட்டுக்கு மேல். கருவியின் கணினி இணையத்தில் இருந்தாலே இயங்குவதாக நிறுவனம் கணக்கிட, திரை உடைந்தும் கேபிள் அறுந்தும் பணம் ஏற்காமலும் நிற்கும் கருவி வாடிக்கையாளருக்கு இயங்காத கருவியே. பிரிட்டன் இதைச் சட்டத்தால் எதிர்கொண்டது: 2024 நவம்பர் முதல் அங்கே வேகச் சார்ஜிங் வலையமைப்புகள் ஆண்டுச் சராசரியாக 99 விழுக்காடு நேரம் இயங்க வேண்டும், செயலி இல்லாமலே வங்கி அட்டையைத் தொட்டுப் பணம் செலுத்த வழி வேண்டும், 24 மணி நேர இலவச உதவித் தொலைபேசி வேண்டும். இந்தியாவிலும் இத்தகைய விதி வேண்டும் என்று கேட்பதற்கு நுகர்வோருக்கு முழு நியாயம் இருக்கிறது. அதுவரை, போகும் நிலையத்தில் அன்றைக்கு யாராவது வெற்றிகரமாக ஏற்றியிருக்கிறார்களா என்று செயலியில் பார்ப்பதும், அடுத்த நிலையத்தை எட்டும் அளவு சார்ஜை மிச்சம் வைப்பதுமே பாதுகாப்பு.

சார்ஜ் ஏறாமல் பணம் மட்டும் போய்விடும் புகாரை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். யுபிஐ மூலம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் கழிந்தும் நிறுவனத்துக்கு உறுதிச் செய்தி போகவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பணம் நிறுவனத்தின் செயலிக்குள் உள்ள வாலட்டில் சேர்ந்து, அங்கிருந்து கழிந்தால் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. அது நிறுவனத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான கணக்கு. ஆகவே வாலட்டில் அந்தந்தப் பயணத்துக்குத் தேவையான குறைந்த தொகையையே போட்டு, ஏற்றம் தொடங்கும்போதும் முடியும்போதும் கருவியின் திரையைக் காரின் திரையோடு சேர்த்துப் படம் எடுத்து வைப்பது நல்லது.

மூன்றாவது குறை, சேவை. உயர் அழுத்தப் பேட்டரியைத் திறந்து பழுதுபார்க்கப் பயிற்சி பெற்றவர்கள் எல்லாப் பணிமனையிலும் இல்லை. பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டியிருக்கும். காத்திருப்பு வாரங்களாக நீள்வதற்கு இவையே முதற்காரணங்கள். இதில் உரிமையாளரின் உரிமை முழுதும் ஜாப் கார்டு என்னும் ஒற்றைத் தாளில் தங்கியிருக்கிறது. கார் உள்ளே போகும்போது புகாரை எழுதும் அந்தத் தாளில் பணிமனை ஆலோசகர் பெரும்பாலும் 'பொதுப் பரிசோதனை' என்று எழுதிவிடுவார். அப்படி எழுதிய தாளில் கையெழுத்திடக் கூடாது. 'ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென ஆற்றல் இழந்து நின்றது, இது மூன்றாம் முறை' என்று நடந்ததை நடந்தபடி எழுதச் செய்து, தேதி, ஓடிய கிலோமீட்டர், சார்ஜ் விழுக்காடு ஆகியவற்றையும் சேர்த்து நகல் பெற வேண்டும். கார் வெளியே வரும்போது கணினி காட்டிய பழுதுக் குறியீடுகளையும், மாற்றிய பாகத்தின் பெயரையும், மென்பொருளின் பழைய, புதிய பதிப்பு எண்களையும் எழுத்தில் கேட்க வேண்டும். தொலைபேசியில் பேசிய ஒவ்வொன்றையும் அன்றே மின்னஞ்சலில் எழுதி, டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் சேர்த்து அனுப்புவது வழக்கமாக வேண்டும். கார் பணிமனையில் கிடந்த நாட்களின் எண்ணிக்கை பின்னால் இழப்பீட்டின் அளவையே தீர்மானிக்கலாம்.

பேசித் தீராத நிலையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பல புகார்கள் இந்தப் படியிலேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 50 இலட்சம் ரூபாய்வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 16 இலட்ச ரூபாய்க் காருக்கான முறையீட்டுக் கட்டணம் 400 ரூபாய்தான். முறையிடுபவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம் என்பதால், டீலர் சென்னையிலும் உரிமையாளர் தென்காசியிலும் இருந்தாலும் தென்காசியிலேயே வழக்குத் தொடரலாம். 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி இணையத்தளத்தில் வீட்டிலிருந்தே மனுவைப் பதியவும் வழியுண்டு. டீலரையும் தயாரிப்பாளரையும் இருவரையுமே எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். ஒருவரை விட்டால் மற்றவர் பொறுப்பை அங்கே தள்ளிவிடுவார். காலவரம்பு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. அடுத்த மென்பொருள் வந்தால் சரியாகிவிடும் என்ற வாக்குறுதிகளை நம்பிக் காத்திருந்து இந்த வரம்பைத் தவறவிடுவோர் உண்டு.

தயாரிப்புக் குறை என்று வாதிடும் வழக்கில் ஆணையம் வல்லுநர் கருத்தையே தேடும். பார்த்த மாத்திரத்தில் தீர்மானிக்க முடியாத குறை என்றால் தகுந்த ஆய்வகச் சோதனைக்கு அனுப்பச் சட்டமே இடம் தருகிறது. அதனால் வழக்கு நடக்கும்போது காரை வெளியாரிடம் பிரித்துச் சரிசெய்துவிடவோ விற்றுவிடவோ கூடாது. கழற்றி மாற்றிய பழைய பாகத்தை வாரண்டிப்படி நிறுவனம் எடுத்துக்கொள்ளுமானால், அதன் வரிசை எண்ணைப் படம் எடுத்து, அது எடுத்துச் செல்லப்பட்ட தேதியை அந்த ஜாப் கார்டிலேயே குறிக்கச் செய்ய வேண்டும்.